வீட்டைச் சுற்றி மெட்டல் டிடெக்டர்: மூன்று வாரம், ஒரு வாளி ஆணி

வாய்க்காலடி எழுதியது:

வணக்கம். ஓராண்டாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். தாமிரபரணிக் கரை. தாத்தா கட்டிய வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, புளியமரம், ஒரு காலத்தில் தொழுவம் இருந்த வெற்றிடம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு சென்ட்.

கையில் நேரம் மிஞ்சியதால் இணையத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். "மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கும் தங்கத்தையும் காட்டும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முப்பது வருடம் கடன் விண்ணப்பங்களைச் சல்லடை போட்டுச் சலித்தவன் இதை எப்படி நம்பினேன் என்று கேட்காதீர்கள்.

முதல் நாள் காலை காப்பி குடித்த கையோடு முற்றத்தில் இறங்கினேன். கருவியின் நுனியில் இருக்கும் வட்டச் சுருளை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் கத்துகிறது. தாத்தா குடம் குடமாகப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது உண்மை. அப்புறம்தான் நினைவு வந்தது: 1998-இல் அப்பா முற்றம் முழுக்கக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். கம்பிக்குப் பணம் அனுப்பியவனே நான்தான்.

பின்பக்கம் போனேன். தொழுவம் இருந்த இடத்தில் காலடிக்கு ஒரு சத்தம். தோண்டினால் லாட ஆணி. நகர்ந்தால் இன்னொன்று. அரை லாடம், உடைந்த கீல், கொழுவின் மூக்கு, மறுபடியும் லாட ஆணி. மூன்று வாரத்தில் ஒரு வாளி நிறைந்துவிட்டது. ஆணி வராத இடத்தில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் வருகிறது. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கொல்லையைப் பார்த்தாலே எந்த வருடம் எந்த மருத்துவர் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஓலைப்பாயில் நாணயங்களைப் பரப்பிச் சோதித்தேன். பழைய ஐந்து பைசாவுக்குத் துல்லியமாக ஒலிக்கிறது. இப்போது புழங்கும் ஒரு ரூபாயைக் காட்டினால் ஆணிக்குக் கொடுக்கும் அதே முனகல்தான். கருவி பழுதா? திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

---

செப்புக்கம்பி எழுதியது:

திருப்பி அனுப்பாதீர்கள், கருவி சரியாகத்தான் சொல்கிறது. 1992 முதல் வரும் ஒரு ரூபாய் நாணயம் எவர்சில்வர். அதிலும் காந்தத்தில் ஒட்டும் வகை. பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஏதாவது கிடந்தால் ஒட்டவைத்துப் பாருங்கள். இரும்பை ஒதுக்கச் சொல்லிவிட்டு அதே இரும்புக் குடும்பத்து நாணயத்தைக் காட்டினால் கருவி என்ன செய்யும்? உங்கள் ஐந்து பைசா அலுமினியம், அதனால்தான் பாடுகிறது. பத்து ரூபாய் நாணயத்தைக் காட்டுங்கள், அதுவும் பாடும்.

வானொலிப் பெட்டி, மிக்ஸி என்று பழுதுபார்த்தே பிழைப்பவன் நான். இந்தக் கருவியின் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. வட்டத் தட்டுக்குள் இரண்டு செப்புச் சுருள்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடுவதால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதன் உடம்பில் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழும்பி, தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. எவ்வளவு தாமதித்துக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் திரையில் எண் வருகிறது. செம்பு, வெள்ளிக்கு எண் மேலே; இரும்புக்குக் கீழே.

வில்லங்கம் நடுவில் இருக்கிறது. மெல்லிய தங்க மோதிரமும் மாத்திரை அட்டைத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். எண்ணைத் தீர்மானிப்பது உலோகத்தின் தன்மை மட்டுமில்லை, கனமும் பரப்பும் சேர்ந்துதான். தாள் தொல்லை தாங்காமல் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டால் மோதிரத்தையும் ஒதுக்கிவிட்டீர்கள் என்று பொருள். அதற்கு மருந்தே இல்லை. தோண்டித்தான் ஆகவேண்டும்.

மூன்று மீட்டர் என்பதை மறந்துவிடுங்கள். நாணயம் அளவுள்ள பொருள் ஒரு சாணுக்குள் இருந்தால் கேட்கும். அண்டா மாதிரி பெரிதாக இருந்தால் இன்னும் சற்று ஆழம் எட்டும். கருவி கேட்கும் கூர்மையைப் பாதிக்குக் குறையுங்கள். கைப்பேசியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கிணற்று மோட்டார் ஓடும்போது பக்கத்தில் போகாதீர்கள். காலில் எஃகு வைத்த பூட்ஸ் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

முற்றத்துக் கம்பிக்காக வெட்கப்பட வேண்டாம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பியதும் ஒரு காரணம் என்கிறார்கள். பெல்லுக்கே அந்தக் கதி.

---

மணவாளக்குறிச்சிக்காரன் எழுதியது:

மண்ணும் ஒரு காரணம். எங்கள் கடற்கரைக்கு வந்து அந்தக் கருவியை இயக்கிப் பாருங்கள். நாணயமே இல்லாமல் கச்சேரி நடக்கும். கருமணல். இல்மனைட், கார்னெட் என்று கனிமம் மண்டிக் கிடக்கிறது. அதை வைத்துத்தான் இங்கே மத்திய அரசின் ஆலையே ஓடுகிறது. செம்மண்ணிலும் இரும்புச்சத்து உண்டு, ஆனால் இவ்வளவு மோசமில்லை. உலோகம் இல்லாத ஓரிடத்தில் சுருளை மேலும் கீழும் ஆட்டி, தரைக்கு ஏற்ப சமன்செய்யும் பொத்தானைத் திருகி, முனகல் அடங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும். மழை பெய்த மறுநாள் கண்டிப்பாக.

---

வாய்க்காலடி எழுதியது:

செப்புக்கம்பி அண்ணாச்சிக்கும் மணவாளக்குறிச்சி அண்ணாச்சிக்கும் நன்றி. ஒலிபெருக்கிக் காந்தத்தில் ஒரு ரூபாய் போய் ஒட்டிக்கொண்டது. கருவியைத் திருப்பி அனுப்பவில்லை.

கூர்மையைக் குறைத்து, மண்ணுக்குச் சமன்செய்து, இந்த முறை தொழுவத்தை விட்டுவிட்டுத் திண்ணைக்கு முன்னால் போனேன். ஆச்சி அங்கேதான் மாலை முழுக்க வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருப்பாள். கீரைக்காரி, தயிர்க்காரி, வளையல்காரர் எல்லாரோடும் கொடுக்கல் வாங்கல் அங்கேதான். காசு விழுந்திருந்தால் அங்கேதானே விழுந்திருக்க வேண்டும்? இத்தனை வருடம் கொல்லையில் என்ன நடந்தது என்று மூன்று வாரமாகக் கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு வாளி ஆணி மிச்சம்.

திண்ணைப் படிக்கு இடப்பக்கம் முதல் தெளிவான ஒலி. எந்தத் திசையிலிருந்து சுருளைக் கொண்டுவந்தாலும் எண் மாறவில்லை. களைகொத்தியால் தேங்காய் அளவுக்கு மண்ணைக் கிளறினேன். நான்கு விரல் ஆழத்தில், பச்சை பூத்த ஒரு வளையம். ஏதோ பம்பு வாஷர் என்று தூக்கிப்போடப் போனேன். ஓரத்தில் எழுத்து தட்டுப்பட்டது. 1944, ஓட்டைக் காலணா! அரைமணி நேரத்துக்குள் ஒரு சாண் தள்ளி இன்னொன்று: ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா, 1919. அதற்கும் அப்பால் சுண்ணாம்புக் கரண்டகத்தின் மூடி. பித்தளை. மூடி மட்டும்தான், அடிப்பாகம் இல்லை. ஆச்சி விரல் நுனியால் அதைத் தட்டித் திறக்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. மூன்றையும் கிணற்றடித் துணிதுவைக்கும் கல்லில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தால் ஐந்தாம் ஜார்ஜ் பளபளவென்று மின்னுகிறார். அம்மா புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, "பாருலே, எப்படி இருக்கு!" என்று கையில் கொடுக்கிறாள். என்னத்தைச் சொல்ல?

---

ஓட்டைக்காலணா எழுதியது:

ஐயோ! புளியா?

நாணயம் சேர்ப்பவர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். அந்தப் பச்சையும் பழுப்பும் அழுக்கில்லை ஐயா, செம்பு தன்மேல் தானே போர்த்திக்கொண்ட தோல். புளியின் அமிலம் தோலை உரித்துவிடும். சாம்பலும் நாரும் எழுத்தைக் கீறிவிடும். அடுத்தது கிடைத்தால் வெறும் தண்ணீரில் ஒருநாள் ஊறப்போட்டு, மண் இளகியதும் மென்மையான தூரிகையால் ஒற்றியெடுங்கள். அவ்வளவுதான். அம்மாவின் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

என் புனைபெயரே ஓட்டைக்காலணா என்பதால் இரண்டு வரி கூடுதலாக எழுத உரிமை உண்டு. 1943-இலிருந்து 1947 வரை அடித்தார்கள். போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. நடுவில் துளை போட்டால் உலோகம் மிச்சம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா, ஆக ரூபாய்க்கு அறுபத்து நான்கு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபிறகுதான் நூறு காசு ஒரு ரூபாய் ஆனது. எங்கள் வீட்டில் இதைக் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். உண்மையிலேயே வாஷராகப் போட்டு முடுக்கியவர்களும் உண்டு. அதனால் உங்கள் முதல் ஊகம் அவமானமில்லை.

விலையைக் கேட்பீர்கள், கேட்காதவர் யாரும் இதுவரை வந்ததில்லை. இரண்டும் சாதாரணக் காசுகள், புளி படாமல் இருந்தாலும் சாதாரணம்தான். "பழைய காசு இருந்தால் பத்து லட்சம்" என்று கைப்பேசியில் வருவதெல்லாம் முன்பணம் பிடுங்கும் வேலை. தாமரை போட்ட பித்தளை நிற இருபது காசு கிடைத்தால் மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம்பாத தாய்மார்கள் தமிழ்நாட்டில் குறைவு. இல்லை, அது வெறும் செம்புக் கலவை.

---

வாய்தா எழுதியது:

எல்லாரும் மகிழ்ச்சியாகத் தோண்டுகிறீர்கள். கறுப்புக் கோட்டு போட்டவன் வந்து கெடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணிலோ மண்ணோடு ஒட்டிய எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் அதன் கண்ணில் புதையல். கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதி என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878-இல் எழுதிய தொகை. அன்று அது பெரிய பணம். தொகையை யாரும் திருத்தவில்லை. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும்.

அதைவிட முக்கியம், நீங்கள் இருக்கும் வட்டாரம். ஆதிச்சநல்லூர் எத்தனை தூரம்? 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா அங்கே தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களே கிடைத்தன. கொற்கையும் சிவகளையும் அந்தப் பக்கம்தான். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் உரிமம் இல்லாமல் கொத்துவது குற்றம். உங்கள் சொந்தக் கொல்லையிலேயே பானை விளிம்பும் கறுப்பு-சிவப்பு ஓடும் எட்டிப் பார்த்தால் கொத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். தாழியை நீங்கள் வெளியே எடுத்தால் அது வெறும் பானை. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் குழியோடு போய்விடும்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

கரண்டக மூடிக்கு ஆட்சியரிடம் மனுவா? திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று "ஐயா, எங்கள் ஆச்சியின் சுண்ணாம்பு மூடி" என்றால் நன்றாக இருக்கும்.

---

வாய்தா எழுதியது:

சிரியுங்கள். மறைத்துவைத்ததும் தவறி விழுந்ததும் ஒன்றா என்பதே வாதத்துக்குரியது. படியோரம் விழுந்த காலணாவைச் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. மூடி அவருடைய குடும்பச் சொத்து, கரண்டகத்துக்கு உரியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கலயத்தில் ஐம்பது காசு ஒன்றாக இருந்தால் அது விழுந்ததில்லை, யாரோ வைத்தது. அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

வன்னிமண் எழுதியது:

ஐயா, உங்கள் இழையை ரசித்துப் படித்தேன். ஆனால் எனக்கு அந்தச் சத்தமே வேறு ஞாபகம்.

இலங்கையில் போரின்போது நாங்கள் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வீட்டு வளவுக்குள் கால் வைக்க முடியாது. சிவப்பு மட்டை நட்டு, மண்டையோடு போட்ட பலகை தொங்கும். முகமாலைப் பக்கம் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, பெண்களும்தான், அந்த வேலைக்குப் போனார்கள். முகக்கவசம் போட்டு, முழங்காலிட்டு, ஒரு மீட்டர் அகல ஒழுங்கையில் விரல் விரலாக நகர்வார்கள். சில மிதிவெடியில் உலோகம் மிகச் சொற்பம். அதனால் சின்ன முனகலையும் விடக்கூடாது. உங்களுக்கு ஒலி வந்தால் தோண்டத் தோன்றுகிறது. அவர்களுக்கு முதல் பாடம், ஒலி வந்தால் தோண்டாதே. குறி வை, பக்கத்திலிருந்து சரிவாக, மெல்ல மெல்ல மண்ணை நீக்கு. ஒரு நாளைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி ஆணியும் தகரமும் துப்பாக்கி ரவைக் கோதும்தான். அதற்கும் அதே பொறுமை.

இங்கே யாரும் பொழுதுபோக்குக்கு இதைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டாம் என்பதற்காக எழுதினேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, நல்லது. இருந்தாலும் கடப்பாரையால் நேராக இறக்காதீர்கள். மின்கம்பியும் மண்ணுக்குள்தான் ஓடுகிறது.

---

வாய்க்காலடி எழுதியது:

வன்னிமண் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டாள். கடப்பாரையைத் திரும்பக் கொல்லையறையில் போட்டுவிட்டேன்.

ஊருக்குள் நிலைமை வேறு. நான் இரண்டு காலணா எடுத்தது, வாய்க்கால் தாண்டும்போது இரண்டு பொற்காசு ஆகி, தேநீர்க் கடைக்கு வரும்போது ஒரு குடமாகிவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே கொட்டிக் காட்டினேன். "நல்லதை உள்ளே வைத்துவிட்டு ஆணியைக் காட்டுறாரு" என்றார் ஒருவர். இதற்கு என்ன பதில் இருக்கிறது?

போன வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் காரில் இரண்டு பேர். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை. உங்கள் கருவி இரிடியம் காட்டுமா என்று கேட்டார்கள். கோபுரக் கலசம் ஒன்று இருக்கிறதாம், பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்கிறதாம், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்கக் காத்திருக்கிறார்களாம், சோதித்துச் சொன்னால் எனக்கும் பங்காம். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். "இதில் ஆணி மட்டும்தான் தெரியும், வேண்டுமானால் ஒரு வாளி தருகிறேன்" என்றேன். காரின் எண்ணைக் குறித்து மறுநாள் காவல்நிலையத்தில் கொடுத்துவிட்டேன். கிராம நிர்வாக அலுவலரும் தானாகவே வந்தார். மூன்று பொருளையும் காட்டினேன். ஜார்ஜ் காலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா அடிச்ச மாதிரி இருக்கே?" என்றார். புளிக்கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு எழுத வந்தது இதற்கில்லை. எதிர்வீட்டு மதினிக்குக் கம்மல் ஒன்று தொலைந்துவிட்டது. வைக்கோல் இழுக்கும்போது காதிலிருந்து கழன்றிருக்கிறது. நேற்றுவரை புதையல் எடுத்தவன் என்று என்னிடம் முகம் கொடுக்காதவர், இன்று காலை வாசலில் வந்து நிற்கிறார். கருவியோடு போனேன். வைக்கோலில் உலோகமே கிடையாது என்பதால் வேலை சுத்தம். ஒவ்வொரு கட்டாக உதறிப் பாயில் பரப்பி, மேலே சுருளை ஓட்டினேன். ஐந்தாவது கட்டில் மாத்திரைத்தாள் எண் வந்தது. செப்புக்கம்பி அண்ணாச்சி சொன்னது நினைவிருந்ததால் விடவில்லை. கடுகு மாதிரி ஒரு திருகாணி! கம்மல் இல்லை. மீதிக் கட்டுகள் முழுக்கப் பார்த்தும் இல்லை.

மதினியின் கண் மெல்ல மாட்டுப் பக்கம் திரும்பியது. "இதுதான் அந்த வைக்கோலைத் தின்னது." கழுத்து மணியையும் கயிற்று வளையத்தையும் கழற்றிவைத்துவிட்டு, சுருளை மாட்டின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில், இடப்பக்கமாகக் கொண்டுபோனேன். ஒலிக்கிறது! விலக்கினால் நிற்கிறது, கொண்டுபோனால் ஒலிக்கிறது. மதினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். திரையைப் பார்த்தேன். தங்கத்தின் எண் இல்லை. அடியில் கிடக்கும் இரும்பு முனகல். இது எப்படி?

---

செப்புக்கம்பி எழுதியது:

மாடு ஆணியையோ கம்பித்துண்டையோ விழுங்கியிருக்கிறது. மாடு மென்று பார்த்தா விழுங்குகிறது? இரும்பு வயிற்றின் முன்னறையில் தங்கிவிடும். அது நெஞ்சுக்குப் பின்னால்தான். அங்கிருந்து குத்தினால் இதயம் பக்கத்தில். கால்நடை மருத்துவர்களும் இதே மாதிரி கருவியை வைத்துப் பார்ப்பதுண்டு; காந்தத்தை விழுங்க வைத்து ஆணியை ஒட்டவைப்பதும் உண்டு. சாப்பாடு குறைந்திருக்கிறதா, முதுகை வளைத்து நிற்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள், கம்மல் அப்புறம்.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

வன்னிமண் ஐயாவின் முதல் பாடம் இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது.

---

வாய்க்காலடி எழுதியது:

மதினி ஏற்கெனவே சாணியை மூன்று வேளையும் எனக்குக் காட்டவேண்டும் என்று தனியாகக் குவித்துவைக்கிறார். இரண்டு நாளாகத் தீனி குறைவு என்றும் சொல்கிறார். மருத்துவர் நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறார். கருவியை மின்னேற்றிவைக்கச் சொல்லியிருக்கிறார். கம்மல் இன்னும் கிடைக்கவில்லை.